பிள்ளையாருக்குக் கீழே ஒரு டப்பா

சென்னை விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, மிலோ டின்களையும் பிஸ்கட் பொட்டலங்களையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அடியில் இருந்த வட்டத் தட்டையும் துண்டு துண்டாகக் கழற்றிய குழாயையும் பார்த்து இது என்ன என்று கேட்டார். மெட்டல் டிடெக்டர் என்றேன். கடற்கரையில் தேடுவதற்கு என்றேன். எதைத் தேட என்று கேட்டார். ஒரு எவர்சில்வர் டப்பா என்றேன். மலேசியாவிலிருந்து ஒருத்தி விமானம் ஏறி வந்து கடலூரில் எவர்சில்வர் டப்பா தேடப் போகிறாள் என்பதை அவர் நம்பவில்லை. ஆனால் பொய் சொல்கிறவள் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பாள் என்று தோன்றியிருக்க வேண்டும். விசாரணையெல்லாம் முடித்து என்னைப் போகச் சொல்லிவிட்டார்.

அந்த டப்பாவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செல்வராசு என் சித்தி மகன். அவன் மனைவி மாலதி. மாலதியின் தம்பி குமரன் சிதம்பரத்தில் லேத் பட்டறையில் வேலை செய்கிறான். குமரனுக்கு ஐந்து வயதில் ஒரு பெண், இனியா. பிறவியிலேயே காது கேட்காத குழந்தை. அரசுத் திட்டத்தில் ஆபரேஷன் செய்து காதுக்குள் ஒரு கருவி வைத்தார்கள். உள்ளே இருப்பது பாதிதான். வெளியே காதுக்குப் பின்னால் மாட்டுகிற சின்ன மிஷின் மறுபாதி. அதிலிருந்து ஒரு ஒயர் போய், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்டில் முடியும். அது மாட்டியிருந்தால் இனியாவுக்குக் கேட்கும். கழற்றினால் ஒன்றுமே கேட்காது.

மாசி மகத்தன்று சுற்றுவட்டார ஊர்ச் சாமிகளெல்லாம் டிராக்டரிலும் வேனிலும் ஏறி, தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். இரண்டு குடும்பமும் அங்கே போயிருக்கிறது. இனியாவைக் குளிப்பாட்ட வேண்டும், மிஷின் நனையக் கூடாது. குமரன் அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி, இறுக்கமாக மூடும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, செல்வராசுவிடம் கொடுத்துக் கரையிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறான். செல்வராசுவுக்கும் புண்ணியம் வேண்டுமே. கூட்டத்தில் பையை நம்ப முடியாது என்று குளிக்கப் போகிறவர்கள் சாவி, செல்போனையெல்லாம் மணலில் புதைத்து, மேலே செருப்பை அடையாளம் வைப்பது அங்கே சகஜமாம். செருப்பையே தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று யோசித்திருக்கிறான் என் தம்பி. முழங்கை ஆழத்துக்குத் தோண்டி டப்பாவை வைத்து மூடி, மேலே ஈர மணலைக் குவித்து ஒரு பிள்ளையார் பிடித்து, மாலதியின் தலையிலிருந்து பூ வாங்கி வைத்து, குங்குமமும் இட்டுவிட்டான். பிள்ளையாரை யாரும் மிதிக்க மாட்டார்கள் அல்லவா?

யாரும் மிதிக்கவில்லை. அந்தப் பக்கமாகப் போனவர்கள், இங்கே பிள்ளையார் பிடித்துக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து ஆளுக்கொன்று பிடித்துவிட்டார்கள். செல்வராசு தலை துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால் ஒரு பிள்ளையார் கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் பூ, எல்லாவற்றுக்கும் குங்குமம், எல்லாவற்றின் முன்னாலும் சில்லறைக் காசு. முதலாவதைத் தோண்டினான், இல்லை. இரண்டாவதில் கை வைத்ததும் இரண்டு பெண்கள் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அடுத்தவர் சாமியைத் தோண்டுகிறவனை யார் சும்மா விடுவார்கள்? போலீஸ் வந்து கூட்டத்தைக் கலைத்தது. சாயங்காலம் திரும்பிப் போனபோது பிள்ளையார்கள் இல்லை, காலடிகள்தான் இருந்தன.

அன்றிலிருந்து குமரன் செல்வராசுவை மாமா என்று கூப்பிடவில்லை. சண்டையும் போடவில்லை. அக்காவுக்குப் போன் செய்தால் 'அவரு இருக்காரா' என்பதோடு சரி. புது மிஷினுக்கு மனுக் கொடுத்தாகிவிட்டது, வரும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பேச்சுப் பயிற்சி நின்றுவிட்டது. குழந்தை கற்ற வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன என்று மாலதி எனக்குப் போனில் சொல்லி அழுதாள். நான் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் காலத்தை ஓட்டியவள். ஓய்வு பெற்றபின் எங்கள் ஊர்ப் பக்கம் போர்ட் டிக்சன் கடற்கரையில் டிடெக்டரோடு திரிவதுதான் பொழுதுபோக்கு. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருப்பதைப் பார்க்கிற ஆசை ஓய்வு பெறவில்லை. கிளம்பிவிட்டேன்.

என்னிடம் இரண்டு டிடெக்டர்கள் உண்டு. ஒன்று பல்ஸ் வகை. கனமானது. உப்புத் தண்ணீர், கறுப்பு மணல் எதற்கும் அசராது, ரொம்ப ஆழம் பார்க்கும். ஆனால் கீழே இருப்பது இரும்பா தங்கமா என்று சொல்லாது, எல்லாவற்றுக்கும் ஒரே கத்தல். மற்றொன்று இலேசானது, பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் வேலை செய்யும். திரையில் ஓர் எண் காட்டும், இரும்பு வேண்டாம் என்றால் இரும்புக்கு வாய் திறக்காது. கைப்பிடி அதிரவும் செய்யும். பெட்டி எடையில் மிலோவும் பிஸ்கட்டும் பாதியைத் தின்றுவிட்டதால் இலேசானதையே எடுத்துக்கொண்டேன். டப்பா காய்ந்த மணலில்தானே இருக்கிறது, போதும் என்று கணக்குப் போட்டேன்.

கடலூரில் முதல் காலை. மாலதி சுட்ட இட்லியும் நெத்திலிக் குழம்பும். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றில் பொரித்த நெத்திலியைத் தின்று வளர்ந்தவள் நான். அதே மீன் குழம்புக்குள் இவ்வளவு சாதுவாகக் கிடக்கும் என்று தெரியாது. தட்டைக் காலி செய்துவிட்டு ஸ்கூட்டரில் செல்வராசுவின் பின்னால் உட்கார்ந்து, குழாயை ஈட்டி மாதிரி பிடித்துக்கொண்டு தேவனாம்பட்டினம் போனேன். அவன் முன்கூட்டியே போலீஸ் ஸ்டேஷனில் விஷயத்தைச் சொல்லி வைத்திருந்தான்.

எந்த இடம் என்று கேட்டேன்.

"பஜ்ஜிக் கடைக்கு நேரா, அக்கா. நல்லா ஞாபகம் கீது."

பஜ்ஜிக் கடை தள்ளுவண்டி. நாங்கள் போன அன்று அது கலங்கரை விளக்கத்தின் பக்கம் நின்றது. வண்டிக்காரம்மாவிடம் மாசி மகத்தன்று எங்கே நின்றீர்கள் என்று கேட்டால், கூட்டம் எங்கே இருந்ததோ அங்கே என்றார். என் தம்பி கடையின் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாவமாகவும் இருந்தது, தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலவும் இருந்தது.

கயிறு கட்டி மணலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொண்டேன். தட்டை மணலை ஒட்டி மெதுவாக இடமும் வலமும் வீசிக்கொண்டு நடப்பதுதான் வேலை. அவசரப்பட்டால் போச்சு. செல்வராசு பக்கத்தில் வரும்போதெல்லாம் மிஷின் அலறியது. அவன் இடுப்பில் கட்டியிருக்கும் வெள்ளி அரைஞாண். கழற்றடா என்றால் மாட்டேன் என்கிறான். பத்தடி தள்ளி நின்று மிஷினிடம் பாரம்மா பாரு என்று வேண்டிக்கொண்டிருந்தான்.

போர்ட் டிக்சனில் நான் தேடினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இங்கே கொஞ்ச நேரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நில அளவை என்றார் ஒருவர். கடலுக்கடியில் எண்ணெய் என்றார் இன்னொருவர். புடவை கட்டிய பெண் தலையில் ஹெட்போன் மாட்டியிருப்பதைப் பார்த்து, பாட்டுக் கேட்டுக்கொண்டு நடக்கிறது, ஏதோ டாக்டர் சொல்லியிருப்பார் என்று ஒரு பாட்டி தீர்ப்புச் சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது. பண்ருட்டிக்காரர் ஒருவர் மட்டும் போகாமல் நின்றார். அவருடைய முந்திரித் தோப்பில் புதையல் இருக்கிறதாம், ராத்திரியில் மணி சத்தம் கேட்கிறதாம், வந்தால் பாதிப் பங்காம். எனக்குப் புதையல் வேண்டாம் என்றேன். அப்படியானால் மிஷினை விற்றுவிட்டுப் போங்கள் என்றார். மறுநாள் கோபித்துக்கொள்ளாமல் ஒரு பலாப்பழத்தோடு வந்தார். எங்கள் ஊர் செம்படாக் பழமும் பலாவுக்குச் சொந்தக்காரன்தான், ஆனால் வாசனை ஊரைக் கூட்டும். இது நாகரிகமாக இனித்தது.

இப்படிச் சில நாட்கள் போயின. பாட்டில் மூடி, குட்காப் பொட்டலத்தின் வெள்ளித் தாள், ஒரு மெட்டி, உடைந்த கொலுசு கிடைத்தன. மெட்டியையும் கொலுசையும் அங்கிருந்த போலீஸ்காரரிடம் கொடுத்தோம். டப்பா இல்லை. இன்னொரு விஷயம் எனக்கு வினோதமாகப் பட்டது. ஒரே ஒரு காசு கூட அகப்படவில்லை. இவ்வளவு சாமி வந்த கரையில் காசே இல்லையா? பிள்ளைகள் பொறுக்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

செல்வராசு வீட்டில் சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. சமைப்பது குறையவில்லை, அவன் தட்டில் போட்டுக்கொள்வதுதான் குறைந்தது. ஒரு நாள் கையைக் கழுவிக்கொண்டு திரும்பாமலே சொன்னான்.

"கெடைக்கலன்னா நீ போயிடுவ. நான் அந்தக் கொழந்த மொகத்துல எப்படிக்கா முழிக்கறது?"

அவன் கண்ணில் படாமல் நான் அன்று கொஞ்சம் அழுதேன்.

நேரில் குமரனைப் பார்த்து, டப்பா எப்படிப்பட்டது என்று சரியாகக் கேட்டுவிடலாம் என்று சிதம்பரம் கிளம்பினேன். செல்வராசு வர மறுத்துவிட்டான். பஸ் ஸ்டாண்டில் சிதம்பரமா என்று கேட்டேன், ஏறுங்க ஏறுங்க என்றார்கள், ஏறினேன். கண்டக்டர் மிஷினுக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். எதிர்க் காற்றில் கொஞ்சம் தூங்கிப்போய், விழித்தால் வடலூர். அது விருத்தாசலம் போகிற பஸ். நான் யாரிடம் கேட்டேன், யாருக்கு அவர்கள் பதில் சொன்னார்கள் என்பது இன்றுவரை தெரியாது. இறங்கினேன். வெயிலும் பசியும். வள்ளலார் ஏற்றிய அடுப்பு அணையாத தர்மசாலைக்கு வழி காட்டினார்கள். உட்கார்ந்தவுடன் இலை வந்தது, சோறு வந்தது. யார், எந்த ஊர், மடியில் என்ன துப்பாக்கியா என்று யாரும் கேட்கவில்லை. கடலூர் வந்ததிலிருந்து மிஷினைப் பற்றி ஒருவரும் கேட்காத ஒரே இடம் அதுதான். ரசத்துக்கு இன்னொரு முறை கை நீட்டினேன். பிறகு சேத்தியாத்தோப்பு வழியாகப் போகிற பஸ்ஸில், இந்தத் தடவை டிரைவரிடமே கேட்டு ஏறினேன்.

குமரன் ஒல்லியாக, அமைதியாக இருந்தான். அக்கா வாங்க என்றான், நாற்காலியைத் துடைத்துப் போட்டான், செல்வராசுவைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அவன் மனைவி ரேவதி கொண்டுவந்த இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு. புளியும் காரமும் கொஞ்சம் தித்திப்புமாக அந்தக் கொத்சுவைச் சாப்பிட்டுவிட்டு, இவ்வளவு நாள் சட்னியோடு இட்லி தின்றது வீண் என்று முடிவு செய்தேன். இனியா கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தாள். ரேவதி பேர் சொல்லிக் கூப்பிட்டாள், பழக்கத்தில். அவள் திரும்பவில்லை. ரேவதி போய்த் தோளைத் தொட்டாள்.

குழந்தையை வசப்படுத்த என்னிடம் டிடெக்டர்தான் இருந்தது. கைப்பிடி அதிர்வைப் போட்டுவிட்டு, பின்கட்டு மண்ணில் ஒரு ரூபாய்க் காசைப் புதைத்து, கண்டுபிடி என்று ஜாடை காட்டினேன். அவள் இரண்டு கையாலும் பிடித்து வீசினாள். ஒன்றும் நடக்கவில்லை. நான் வாங்கி வீசினேன். சரியாகக் காசுக்கு மேலே. மிஷின் ஊமையாக இருந்தது.

பேட்டரியைப் பார்த்தேன், ஒயரைப் பார்த்தேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது. குமரனிடம் ஒரு காந்தம் இருக்கிறதா என்று கேட்டேன். பட்டறைக்காரன் வீட்டில் காந்தத்துக்கா பஞ்சம்? வைத்ததும் காசு தாவி ஒட்டிக்கொண்டது. நான் ஊரில் பொறுக்குகிற காசெல்லாம் மிஷினில் நல்ல சத்தம் கொடுக்கிறவை. இங்கத்துக் காசு மிஷினின் காதுக்கு இரும்பு. இரும்புக்குப் பேசாதே என்று வாயைக் கட்டி வைத்ததே நான்தான். இத்தனை நாளும் காசுகளின் மேலேயே நடந்திருக்கிறேன்!

எந்த உலோகமானாலும் கத்து என்று மாற்றினேன். இனியாவின் கையில் கைப்பிடி அதிர்ந்தது. அவள் வாயைத் திறந்து சத்தமில்லாமல் சிரித்தாள். மண்ணைத் தோண்டிக் காசை எடுத்தாள், திரும்பப் புதைத்தாள், திரும்ப எடுத்தாள். மிஷின் அந்த நேரமெல்லாம் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை அது கைக்குள் நடுங்குகிற ஒரு சாமான், அவ்வளவுதான்.

டப்பா எப்படி இருக்கும் என்று ரேவதியிடம் கேட்டேன். உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தாள். ஜோடியாக வாங்கியதாம், இது மிச்சம். அதையும் புதைத்துப் பார்த்தோம். இரும்பு வேண்டாம் என்ற நிலையில் விட்டு விட்டு முனகியது, நான் குப்பை என்று தாண்டிப் போகிற முனகல். எதற்கும் கத்து என்ற நிலையில் நீளமாக, அகலமாக ஒரு கத்தல். அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது குமரன் தெருமுனைவரை வந்தான்.

"ஒண்ணும் கெடைக்கலன்னாலும் பரவால்லக்கா. அவர ரொம்ப அலைய வுடாதீங்க. அவருக்கு சுகர் ஜாஸ்தி."

கோபம் இருக்கிற இடத்தில்தான் அக்கறையும் குடியிருக்கிறது போல. அதை அவனிடமே சொல்லியிருக்கலாம், பஸ் வந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் கடற்கரையில் இருந்தோம். மிஷின் இப்போது ஓயாமல் கத்தியது. ஆணி, கம்பி, மூடி, பட்டாசுக் குப்பை எல்லாம். செல்வராசு தோண்டித் தோண்டி நகமெல்லாம் மணல். முன்பு சலித்துப் போட்ட அதே பாத்திகளில் முதல் காசு வந்தது, பக்கத்திலேயே இன்னொன்று, அதைச் சுற்றி மேலும் சில. பிறகு வெறும் மணல். கொஞ்சம் தள்ளி மறுபடி ஒரு காசுக் கூட்டம். மேலாகக் கிடந்ததைப் பொறுக்கியது போக, மிதிபட்டு உள்ளே போனவை. ஒவ்வொரு காசுக் கூட்டமும் ஒரு பிள்ளையார். மாசி மகத்தன்று அவர்கள் எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்களோ அங்கங்கே காணிக்கை அடையாளம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

செல்வராசு ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குச்சி நட்டான். எடுத்த காசையெல்லாம் சாமி காசு என்று அதே குழியில் போட்டு மூடினான். குச்சிக்குக் குச்சி நின்று, தட்டை இன்னும் மெதுவாக வீசினேன். ஒரு குச்சியின் அடியில் காசுகளின் சின்னச் சத்தங்களுக்குக் கீழே, நீளமாக, அகலமாக, சிதம்பரத்துப் பின்கட்டில் கேட்ட அதே கத்தல்.

"இங்கே தோண்டு" என்றேன்.

கரண்டியை நீட்டினேன், அவன் வாங்கவில்லை. கையாலேயே தோண்டினான். முழங்கை ஆழம் போனதும் நின்றான். டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். பஜ்ஜிக்காரம்மா அடுப்பை விட்டு ஓடி வந்தார். திற, பார்க்கலாம் என்றேன். தலையை ஆட்டினான்.

"அவன் கையில குடுத்தேன்னா போதும். தொறக்கறது அவன்."

தண்ணீர் புகுந்திருந்தால் எல்லாம் வீண் என்பது இருவருக்கும் தெரியும். சிதம்பரம் போகிற வழி முழுக்க அதை அவன் ஆட்டவும் இல்லை, காதருகே கொண்டுபோகவும் இல்லை. ஒரு முட்டையைக் கொண்டுபோகிறவன் மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தான். நான் அந்தப் பயணத்தில் சன்னலுக்கு வெளியே எதையும் பார்த்ததாக நினைவில்லை.

குமரன் வீட்டில் செல்வராசு டப்பாவை நீட்டினான், குமரன் வாங்கினான். மூடியில் மணல் இறுகியிருந்தது. சுற்றிலும் தட்டி, துணியை வைத்துப் பிடித்துத் திருகினான். கைக்குட்டை காய்ந்திருந்தது. மிஷினை எடுத்துத் துடைத்தான், பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியதைப் போட்டான். சின்னப் பச்சை விளக்கு ஒரு முறை மின்னியது. ரேவதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

இனியாவின் காதில் மாட்டி, தலையில் வட்டை வைத்தான். அது தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. ரேவதி பேர் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தை அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். குழந்தையின் கண் முழுவதும் நான் மூலையில் சாத்தி வைத்திருந்த டிடெக்டரின் மேல் இருந்தது. போய் எடுத்துக்கொண்டாள். பொத்தானை அழுத்திக் கொடுத்தேன். கீழே கிடந்த டப்பாவின் மேல் வீசினாள்.

மிஷின் கத்தியது.

அவள் அதைக் கீழே போட்டுவிட்டாள். கை தானாகப் போய்க் காதைத் தொட்டது, தலையிலிருந்த வட்டைத் தொட்டது. மிஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கைக்குள் நடுங்கிய சாமானுக்குக் குரல் இருப்பது அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. திரும்ப எடுத்து வீசினாள். பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கிரைண்டரிடம் போனாள், கத்தியது. அம்மாவின் கொலுசு, கத்தியது. கதவின் தாழ்ப்பாள், கத்தியது. கடைசியாக, வாசற்படியிலேயே உட்காராமல் நின்றுகொண்டிருந்த செல்வராசுவிடம் போய் அவன் வயிற்றுக்கு நேராக நீட்டினாள். அரைஞாண் எல்லாவற்றையும்விடப் பலமாகக் கத்தியது.

"மாமா கத்துது" என்றாள் இனியா. ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி எடுத்துச் சொன்னாள்.

ரேவதி அழுதாள். குமரன் சிரித்துவிட்டான். நான் வந்ததிலிருந்து அவன் சிரித்து அன்றுதான் பார்க்கிறேன். எழுந்து போய் மகளின் கையிலிருந்து குழாயை வாங்கினான்.

"மாமாவ வுடும்மா. மாமா இன்னும் சாப்புடல."